திரையின் ஓரத்தில் ஒளிந்த பொத்தான்



எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில் உள்ளது. அம்மா பட்டுத் தறி நெய்பவர். அன்றன்று நெய்த முழம், வாங்கிய ஜரிகை, பெற்ற முன்பணம் ஆகியவற்றை ஒரு பழைய நோட்டில் எழுதி வந்தார். பொறியியல் பயிலும் என் அக்கா, அந்தக் கணக்கைக் கைப்பேசியிலேயே எழுதும்படி ஒரு சிறு செயலியைத் தானே உருவாக்கித் தந்தாள். வீட்டில் அனைவருக்கும் பெருமை.

பத்து நாள் கழித்துக் கூலி தீர்க்கும் நாள் வந்தது. செயலியைத் திறந்து பார்த்தால் ஒரு வரி கூட இல்லை! அம்மா நாள்தோறும் எழுதி, 'சேமி' என்னும் பொத்தானைத் தொட்டிருக்கிறார். தொட்டவுடன் செயலி மறைந்து முகப்புத் திரை வந்திருக்கிறது. சேமிப்பு முடிந்ததன் அடையாளம் அதுவே என்று அவர் எண்ணிக்கொண்டார். எழுதும் பக்கம் எப்போதும் வெறுமையாகவே திறக்குமாதலால் ஐயம் எழவில்லை. "எனக்குத்தான் போன் பிடிக்கத் தெரியல" என்றார் அம்மா. அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. ஏனெனில் தவறு அம்மாவுடையதன்று. அக்கா அமைத்த திரையில் இருந்தது.

அது என்ன தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முன்பெல்லாம் கைப்பேசித் திரை ஒரு நேர்த்தியான செவ்வகம். மேலே மணியும் மின்கல அளவும் காட்டும் பட்டை, கீழே பொத்தான்கள், இடைப்பட்ட இடம் செயலிக்கு உரியது. 2017-ஆம் ஆண்டு ஐஃபோன் எக்ஸ் வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. திரை மூலைவரை விரிந்தது. கேமராவுக்காக மேல் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தது. கீழே வட்டப் பொத்தானுக்குப் பதில் மெல்லிய கோடு வந்தது. எழுத்தும் பொத்தானும் இவற்றில் சிக்காமல் இருக்கத்தக்க பகுதியை அந்நிறுவனம் 'சேஃப் ஏரியா' என்றது. நாம் காப்பிடம் என்போம். மறு ஆண்டே ஆண்ட்ராய்டின் ஒன்பதாம் பதிப்பும் வெட்டுத் திரைகளுக்கு வழிவகை செய்தது. 2022 முதல் நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே பொருத்தப்பட்ட ஐஃபோன் 14-இலும் அந்த வெட்டு உண்டு.

இந்தச் சிக்கல் முற்றிலும் புதியதன்று. ஓலைச்சுவடியில் கயிறு கோக்கத் துளையிடுவார்கள் அல்லவா? எழுதுபவர் துளையைச் சுற்றிச் சிறிது இடம் விட்டே எழுதுவார். இல்லையேல் கயிறு உராய்ந்து எழுத்து சிதையும். சேலையிலும் அப்படித்தான். இடுப்பில் செருகும் தலைப்பில் யாரும் ஜரிகைப் பூவை வாரி இறைப்பதில்லை. முந்தானைக்கே அந்த வேலைப்பாடு. ஆனால் பல சேலைகளில் நிறம் இரு முனைகளுக்கும் ஓடும். கைப்பேசித் திரைக்கும் இதுவே முறை: பின்னணி நிறமும் படமும் ஓரம்வரை பரவலாம், படிக்க வேண்டியதும் தொட வேண்டியதும் காப்பிடத்திற்குள் நிற்க வேண்டும்.

"சரி, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். கீழே 24 அலகு இடம் விட்டிருந்தாள். அவளுடைய கைப்பேசியில் விரலால் தள்ளிச் செல்லும் முறை. கீழே மெல்லிய கோடு மட்டுமே. ஆகவே பொத்தான் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுடையதிலோ மூன்று பொத்தான்கள் கொண்ட பட்டை. அதன் உயரம் 48 அலகு. 'சேமி' அதன் பின்னே மங்கலாகத் தெரிந்தது. அம்மாவின் விரலோ ஒவ்வொரு முறையும் நடுப்பொத்தானையே தொட்டது. ஐஃபோன்களிலும் ஒரே அளவு இல்லை. நிமிர்த்திப் பிடித்தால் மேலே விட வேண்டிய இடம் ஐஃபோன் எக்ஸில் 44, ஐஃபோன் 14-இல் 47, 14 புரோவில் 59. படுக்கவைத்தாலோ இடமும் வலமும் கூட இடம் விட வேண்டும். எந்த எண்ணை மனப்பாடம் செய்வது?

எந்த எண்ணையும் வேண்டாம். கைப்பேசியையே கேட்க வேண்டும். நான்கு பக்கமும் எவ்வளவு மறைகிறது என்பதை அது செயலிக்குச் சொல்லும். ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் பயன்படுத்த உதவும் ஃப்ளட்டர் என்னும் கருவியில் 'சேஃப்ஏரியா' என்று ஓர் உறை இருக்கிறது. அதற்குள் வைத்த பொருள், அந்தந்தக் கைப்பேசி சொல்லும் அளவுக்கு உள்ளே நகர்ந்து நிற்கும். ரியாக்ட் நேட்டிவ் என்ற மற்றொரு கருவியுடன் வந்த இதே வகை உறை ஐஃபோனில் மட்டுமே வேலை செய்தது. இரண்டிலும் வேலை செய்யத் தனி நூலகம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

உறையைப் போட்டுவிட்டோம் என்று முழுத் திரையையும் அதற்குள் திணிப்பதும் அழகன்று. மேலும் கீழும் வெற்றுப் பட்டைகள் தோன்றும். நீண்ட பட்டியல் ஓரம்வரை ஓடட்டும். கடைசி வரிக்குக் கீழே மட்டும் இடம் இருந்தால் போதும். மேல்பட்டை தானே இடம் விட்டிருக்கும்போது நாமும் கையால் இன்னொரு முறை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. எழுதும்போது மேலெழும் விசைப்பலகை மறைக்கும் உயரம் வேறு கணக்கு. ஃப்ளட்டர் அதைத் தனியாகவே தருகிறது.

2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15, அதனை இலக்காகக் கொண்ட செயலிகளை ஓரம்வரை விரியும்படி செய்துவிட்டது. அதுவரை பட்டைகளுக்கு இடையில் பத்திரமாக இருந்த செயலிகள் பலவும் இதனால் ஓரத்திற்கு வந்தன. அக்காவின் செயலியும் அவ்வகையே. எனவே இதைக் கற்பது இப்போது விருப்பப் பாடம் அன்று, கட்டாயப் பாடம்.

அக்கா பொத்தானை உறைக்குள் வைத்தாள். பிறகு அம்மாவின் கைப்பேசியில் நிமிர்த்தியும் படுக்கவைத்தும், விசைப்பலகையைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். முதலிலேயே அம்மாவின் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால் பத்து நாள் கணக்கு போயிருக்காது. தறியில் சுருட்டியிருந்த சேலையைக் கொண்டு நெய்த அளவைத் தெரிந்துகொண்டோம். முன்பணக் கணக்கை மட்டும் நினைவிலிருந்தே எழுத வேண்டியதாயிற்று.

இப்போது 'சேமி' தெளிவாகத் தெரிகிறது. தொட்டதும் 'பதிவாயிற்று' என்று ஒரு வரியும் வருகிறது. அது அம்மா கேட்டுச் சேர்த்தது. பழைய நோட்டை மட்டும் அவர் இன்னும் எறியவில்லை.