கே2-18பி கோளில் தண்ணீர் இருக்கிறதா? இதுவரை தெரிந்தது என்ன?

"வேற்றுக் கோளில் உயிர் கண்டுபிடிப்பு!" இப்படியொரு செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். அதை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன், அங்கே உண்மையில் என்ன கிடைத்தது என்று பார்த்துவிடுவோம்.

அது எங்கே இருக்கிறது?

கே2-18பி, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கோள். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி மூலம் 2015-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பூமியை விட 2.6 மடங்கு அகலம். அது சுற்றும் விண்மீன், சிம்மக் கூட்டத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இரவு 9 மணி வாக்கில் பாகான் டாலாமில் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும். ஆனால் இந்த விண்மீன் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த விண்மீன் சூரியனை விடச் சிறியது, வெப்பமும் குறைவு. அதனால், 33 நாளில் ஒரு சுற்று முடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தும், பூமிக்குக் கிடைப்பதைப் போன்ற வெப்பமே இந்தக் கோளுக்கும் கிடைக்கிறது. தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்வது அதனால்தான்.

போகாமலே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கடையில் வாங்கும் சிராப் கிளாஸை விளக்குக்கு நேரே பிடியுங்கள். சிவப்பு மட்டும்தான் கடந்து வரும், மற்ற நிறங்களைச் சிராப் விழுங்கிவிடும். அதேபோல, கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, அதன் காற்று சில ஒளி அலைகளை விழுங்குகிறது. எது காணவில்லையோ, அதை வைத்து என்ன வாயு என்று கணிக்கிறார்கள்.

சிக்கலும் இதில்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ரோஜா சிராப் ஆகிவிடுமா, என்ன?

மாறிய முடிவுகள்

2019: ஹபிள் தொலைநோக்கித் தரவில் நீராவி தெரிவதாக அறிவிப்பு.

2023: இந்தியாவில் பிறந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் மீத்தேனையும் கரியமில வாயுவையும் கண்டது. நீராவி என்று நினைத்தது பெரும்பாலும் மீத்தேன்தான் என்று தெரிந்தது.

2025 ஏப்ரல்: பூமியில் முக்கியமாகக் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்பைடு இருக்கலாம் என்று அதே குழு சொன்னது. இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு 0.3 விழுக்காடு. கண்டுபிடிப்பு என்று ஏற்க, அது 0.00006 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அதே தரவை ஆராய்ந்த மற்ற குழுக்களுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. உயிரே இல்லாத வால்மீனிலும் இந்த வாயு காணப்பட்டிருக்கிறது.

ஆக, கடல் இருக்கலாம் என்பது இன்னும் கணிப்புதான். அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த வாயு? வேறு குழு உறுதி செய்ததா? உயிர் இல்லாமலும் அது உருவாகுமா?