மணி அடிச்ச டிவி

போன கிழமை எபிசோடில் ஸ்ட்ரீமிங் கம்பனிகளைப் பற்றிக் கதைக்கேக்க பாரி டில்லர் என்ற பெயரை ஒருக்கா சொல்லிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டோம். "அது ஆர்?" என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். சிம்சன்ஸ் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், எக்ஸ்பீடியாவில் டிக்கெட் போட்டிருப்பீர்கள், டிண்டரில் விரலால் தள்ளியிருப்பீர்கள் (வீட்டில் சொல்ல மாட்டேன்). மூன்றின் கதையிலும் இந்த ஆள் வருகிறார்.

நான் இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. மார்ச் மாதத்தோடு என் கொன்ராக்ட் முடிந்தது. இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு ஓஃபர்: போனில் ஓடர் எடுக்கிற ஒரு கம்பனியின் பழைய சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏஐ கிடையாது. லிங்க்ட்இன்னில் போட்டால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "கம்பியூட்டர் சயன்ஸ் படிச்சது இதுக்கே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த இரவுதான் டில்லரின் கதையை முழுசாக இருந்து வாசித்தேன்.

டில்லர் 1942இல் பிறந்தவர், பெவர்லி ஹில்ஸில் வசதியாக வளர்ந்தவர். யுசிஎல்ஏயில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே படிப்பை விட்டுவிட்டார். பிறகு வில்லியம் மொறிஸ் என்ற பெரிய ஏஜென்சியில் கடிதம் பிரிக்கிற அறையில் வேலை. அந்த வேலையும் குடும்ப நண்பரான நடிகர் டானி தோமஸ் மூலம் கிடைத்ததுதான். ஆகவே 'ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தவர்' என்று ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம். எங்கட அப்பாமாருக்கு டானி தோமஸைத் தெரியாது.

ஆனால் அந்த அறைக்குள் போன பிறகு அவர் செய்தது அவருடைய சொந்த வேலை. மற்றப் பெடியள் எல்லாம் எப்போது ஏஜென்ட் ஆகலாம் என்று ஓடித் திரிய, டில்லர் ஃபைல் அறைக்குள் புகுந்துவிட்டார். ஒப்பந்தங்கள், கடிதங்கள், சம்பளச் சண்டைகள் என்று அந்தக் கம்பனியின் முழு வரலாற்றையும் மூன்று வருசமாக இருந்து வாசித்தார். டொக்யுமென்டேஷன் இல்லாத ஒரு சிஸ்டத்தைக் கையில் தந்தால் நல்ல ப்ரோகிராமர் என்ன செய்வான்? பழைய கொமிட் எல்லாவற்றையும் வாசிப்பான். அதே வேலைதான்.

1966இல் ஏபிசிக்குப் போனார். அங்கே 1969இல் 'மூவி ஒஃப் த வீக்' என்று டிவிக்கென்றே கிழமைக்கு ஒரு தொண்ணூறு நிமிடப் படம் தொடங்கினார். அதில் வந்ததுதான் 1971இன் 'டூயல்'. இயக்கியவர் இருபத்திநாலு வயது ஸ்டீவன் ஸ்பில்பேர்க். 1974இல் பரமவுண்ட் ஸ்டூடியோவின் தலைவரானபோது டில்லருக்கு வயது 32. டிவிக்காரன் சினிமா எடுக்கிறதா என்று ஹொலிவூட் முகம் சுளித்தது. முதல் சில வருசம் சரிவரவும் இல்லை. பிறகு 'சற்றடே நைட் ஃபீவர்', 'கிரீஸ்', முதலாவது இந்தியானா ஜோன்ஸ் என்று வந்த பின் ஆரும் வாய் திறக்கவில்லை. 1984இல் ஃபொக்ஸ். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்று மூன்று நெட்வொர்க் உட்கார்ந்திருந்த நாட்டில் 1986இல் ருப்பேர்ட் மர்டொக்கோடு சேர்ந்து நாலாவதைத் தொடங்கினார். 1989 டிசம்பரில் சிம்சன்ஸ் வந்தது.

இவ்வளவும் எந்த ஹொலிவூட் புத்தகத்திலும் இருக்கு. எனக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது.

ஃபொக்ஸில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார். இங்கே முதலாளி ஒருத்தர்தான் என்பதுதான் மர்டொக்கின் பதில். 1992இல், ஐம்பது வயதில், வேலையை விட்டார். ஒரு ஆப்பிள் பவர்புக் வாங்கிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றி, டெக்னோலஜி கம்பனி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருடைய நெருங்கிய தோழி, பின்னாளில் மனைவியான உடை வடிவமைப்பாளர் டயான் வொன் ஃபேர்ஸ்டன்பேர்க், பென்சில்வேனியாவில் உள்ள க்யூவிசி என்ற ஷொப்பிங் சனலுக்குப் போனார். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு மில்லியன் டொலருக்கு மேல் விற்றார். டில்லரும் அங்கே போய்ப் பார்த்தார். திரையில் ஒரு பொருளைக் காட்ட, அழைப்புகளின் எண்ணிக்கை அந்த நிமிடமே ஏறியது. காட்டுவதை நிறுத்த, இறங்கியது. இருபத்தைந்து வருசமாகத் திரைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த மனுசன், திரை திருப்பிப் பதில் சொல்வதை அன்றுதான் பார்த்தார்.

எனக்கு அந்த இடம் நல்லா விளங்குது. ஸ்காபரோவில் எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அம்மா இரவு வேலைக்குப் போக முன்னம் ஒரு ஷொப்பிங் சனல் பார்ப்பா. ஏதாவது பிடித்தால் போன் எடுத்து இங்கிலிஷில் கதைக்க வேண்டியது நான்தான். ஐட்டம் நம்பர், கார்ட் நம்பர், அட்ரஸ். ஒருநாள் ஒரு கத்தி செட்டுக்கு அரை மணித்தியாலம் லைனில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஒன்லைன் ஓடர் அதுதான் என்று இப்போதுதான் தோன்றுது.

டில்லர் 25 மில்லியன் டொலர் போட்டு க்யூவிசியில் சேர்ந்தார். ஸ்டூடியோ நடத்தியவர் நகை விற்கப் போய்விட்டாரே என்று ஹொலிவூட் சிரித்தது. அவருக்கும் அந்தப் பழைய உலகத்தின் மேல் ஆசை விட்டபாடில்லை. பரமவுண்டையே திரும்ப வாங்கப் பார்த்து, 1994இல் வையகொம்மிடம் தோற்றார். அதுவே நல்லதாய்ப் போச்சு என்பது என் கருத்து. அதன் பிறகுதான் ஹோம் ஷொப்பிங் நெட்வொர்க், டிக்கெட்மாஸ்டர், மட்ச் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, பின்னாளில் ஐஏசி என்று அறியப்பட்ட கம்பனியைக் கட்டினார். எக்ஸ்பீடியாவை மைக்ரோசொஃப்டிடமிருந்து வாங்க 2001 கோடையில் பேச்சு முடிந்திருந்தது. செப்டெம்பர் 11 வந்தது, ஆரும் விமானம் ஏறப் பயந்தார்கள். விலக வழி இருந்தும் விலகவில்லை. டிண்டர் 2012இல் ஐஏசியின் ஹட்ச் லாப்ஸில் பிறந்தது.

பிழையும் விட்டவர். 2005இல் 1.85 பில்லியன் டொலருக்கு ஆஸ்க் ஜீவ்ஸை வாங்கினார். கூகிளோடு போட்டி போட முடியாமல், ஐந்து வருசத்தில் சொந்தத் தேடல் தொழில்நுட்பத்தையே கைவிட்டார்கள்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். பரமவுண்டில் டில்லரின் உதவியாளராக இருந்தவர்தான் ஜெஃப்ரி காட்சன்பேர்க். அவர் 1.75 பில்லியன் டொலர் திரட்டி 2020 ஏப்ரலில் க்விபியைத் தொடங்கினார், ஒக்டோபரில் மூடப்போவதாக அறிவித்தார். கோவிட்டும் ஒரு காரணம்தான். ஆனால் போனை அவர் ஒரு குட்டித் தியேட்டராகத்தான் பார்த்தார். ஆரம்பத்தில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து நண்பருக்கு அனுப்பக்கூட விடவில்லை. அதே ஸ்டூடியோவில் இருந்து வந்த மற்றவரோ, மறுபக்கத்தில் ஒரு ஆள் பதில் சொல்லக் காத்திருக்கிறார் என்பதை 1992இலேயே பார்த்துவிட்டார், அதுவும் ஒரு கோல் சென்டரில்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவனுக்கு மில்லியன் கணக்கில காசு இருந்தது, உனக்கு மோட்கேஜ் இருக்கு" என்றார். அதுவும் சரிதான்.

வியாழக்கிழமைக்குள் ஓஃபருக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று அந்த மனேஜருக்குப் போன் பண்ணி, கையெழுத்து வைக்க முன்னம் ஒருநாள் ஓடர் எடுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஹெட்செட் போட்டு இருக்கலாமா என்று கேட்டேன். இதுவரை எந்த டெவலப்பரும் அப்படிக் கேட்டதில்லையாம். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறா.