காணுங் கண்ணுங் காட்டுங் கருவியும்

கண் தனித்துக் காணாது என்பது சைவசித்தாந்த நூல்களிற் பயின்றுவருங் கருத்து. உயிர் உடனின்று காட்டக் கண் காணுமாற்றை உவமையாக வைத்து, இறைவன் உயிர்க்கு உதவுமாற்றைச் சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம் உணர்த்துகின்றது. அவ்வுவமையைத் தெளிதற்கு, உடலியல் நூலார் கூறுங் காட்சிமுறையை அறிதல் பயன்றரும்.

செஞ்சி வட்டத்துத் தொண்டூரினின்று கோட்டை காணச் செல்வார் ஒருவர், இராசகிரியை அடிமுதல் முடிவரை ஒருங்கே தெளியக் கண்டதாகக் கருதுவர். உண்மை அதுவன்று. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியே நுட்பமாகக் காணவல்லது. நீட்டிய கையின் பெருவிரல் நகமளவான இடமே ஒருகாலத்துத் தெளிவாகும். ஆகலின் விழி நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மதிலினின்று மண்டபத்திற்கும் மண்டபத்தினின்று முடிக்குமாகத் தாவுகின்றது. ஒவ்வொரு விழிக்கும் தசைகள் ஆறு. நெற்றிப்புற மூளையும் நடுமூளையும் ஏவ, மூன்று இணை நரம்புகள் அவற்றை இயக்குகின்றன.

கண்ட ஒளியின் செய்தியை, ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளையுடைய பார்வை நரம்பு உட்கொண்டு செல்லும். இழைகளிற் பாதியளவு எதிர்ப்பக்கம் மாறிப் பிடரிப்புற மூளைக்குச் செய்தி சேர்க்கும். உருவமும் நிறமும் அசைவும் ஆண்டும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பகுத்தறியப்படுகின்றன.

அற்றேல், விழி தாவுந்தோறும் மலை அசைவதாகத் தோன்றாமை என்னையெனின், கூறுதும். விழியை ஏவும்போதே மூளை அவ்வேவலைக் காட்சிப் பகுதிக்கும் அறிவிக்கின்றது. அதனால் அசைந்தது விழியே, மலையன்று என்பது துணியப்படும். ஒரு கண்ணை மூடி, மற்றைக்கண்ணின் இமையோரத்தை விரலால் மெல்லத் தள்ளின், அவ்வேவல் இன்மையின் மலை அசைவதுபோலத் தோன்றும். செருமானிய அறிஞர் எல்மோல்ட்சு 19-ஆம் நூற்றாண்டில் இதனை விளக்கினர்.

பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் விழித்திரைக்கு ஒளியுணர்ச்சி இல்லை. ஆயினும் காட்சியில் துளையொன்றும் தோன்றுவதில்லை. சூழவுள்ளவற்றைக் கொண்டு மூளை அதனை நிரப்புகின்றது. தமிழ்நாட்டில் 1951-இற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் இந்நிரப்புதலை ஆராய்ந்தவருள் ஒருவர்.

இவற்றால் மூளையே உயிரென்றல் பொருந்துமோ எனின், பொருந்தாது. மூளையும் மாயையின் காரியமாகிய சடமே என்பது சித்தாந்தத் துணிபு. உடலியல் உயிரை நிறுவிவிட்டது என்று மகிழ்தலும் பொருந்தாது. அது காட்டியது கண் தனித்துக் காணாது என்னும் அளவே. கருவிக்குப் பின் கருவியாக அவ்வரிசை நீளுகின்றது. அவற்றைக்கொண்டு காண்பான் யாவன் என்னும் வினா அவ்வரிசையுள் அடங்காது நிற்றலின், அவ்வினாவினின்றே சித்தாந்த ஆராய்ச்சி தொடங்குகின்றது என்றறிக.