திசு வால்வின் ஆயுள்

ஜொகூர் நீரிணையை நோக்கி நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனையில் இருதய வால்வை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவர், உலோக வால்வா, மிருகத் திசுவாலான வால்வா என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்விடை பெரிதும் அவருடைய வயதைச் சார்ந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் பொருத்திய செயற்கை வால்வு உறுதியானதுதான். ஆயினும் அதன்மீது இரத்தம் உறையாதிருக்க நோயாளி ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. அத்துன்பத்தைப் போக்க விழைந்த பாரிஸ் நகரத்து அலென் கார்ப்பென்டியர் 1965இல் பன்றியின் வால்வை மனித இருதயத்தில் பொருத்தினார். அத்தகைய வால்வுகள் சில ஆண்டுகளிலேயே சிதைந்துவிடவே, தோலைப் பதனிடுவதுபோல் குளுட்டரால்டிஹைடு என்னும் இரசாயனத்தால் திசுவைப் பதப்படுத்தும் முறையை அவர் கண்டார்.

அந்த இரசாயனம் திசுவை வலுப்படுத்துகிறது. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதில் படியவும் அதுவே ஒரு காரணமாகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும் அவ்வால்வு ஜீவனற்றதாதலால், தேய்ந்த பாகத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தி அதற்கில்லை. நாளடைவில் அதன் இதழ்கள் இறுகும், சில சமயம் கிழியும். எழுபது வயதைக் கடந்தவரின் இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில், அயோர்டிக் வால்வாக, அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக் கூடும். அதே வால்வு, சுண்ணாம்பு விரைந்து படியும் இளம் தேகத்தில், அதுவும் இருதயத்தின் இடப்புற அறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள, அழுத்தம் மிகுந்த மைட்ரல் ஸ்தானத்தில், பத்து ஆண்டுக்குள் பழுதாவதும் உண்டு. ஆதலால் ஐம்பதுக்குட்பட்டோர்க்கு உலோக வால்வையும், அறுபத்தைந்தைக் கடந்தோர்க்குத் திசு வால்வையும் மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள்.

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளம்பெண்ணின் நிலைதான் என் மனத்தை வருத்துவது. உலோக வால்வில் இரத்தம் உறையாதிருக்க இன்றியமையாத வார்பரின் மாத்திரை கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக் கூடும். திசு வால்வோ மறுபடியும் ஒரு சிகிச்சையை நிச்சயமாக்கும். தாய்மையை விரும்பி, இரண்டாம் சிகிச்சையை அறிந்தே ஏற்பவளின் தீர்மானத்தை விவேகமற்றதென்று நான் கருதவில்லை. இன்று பழுதான திசு வால்வுக்குள்ளேயே, மார்பைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியே புதிய வால்வைச் செலுத்தும் முறையும் சிலருக்குப் பயன்படுகிறது.

பசு, பன்றி ஆகியவற்றின் திசுக்களால் வால்வுகள் செய்யப்படுவதால், பல சமயத்தார் வாழும் மலேசியாவில் அவற்றின் மூலத்தைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. திசு வால்வு பெற்றவர்கள், சுகமாயிருக்கிறோம் என்று இருந்துவிடாமல், மருத்துவர் குறிக்கும் காலத்தில் எக்கோ என்னும் இருதய ஒலியலைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். படியேறுகையில் புதிதாக மூச்சுத் திணறினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.