காய்ச்சலுக்கு வெயில் வேண்டும்

கொழும்பில் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்னால் தெரு, பின்னால் அடுத்த வீட்டு மதில். அப்படியொரு வீட்டில் வளரும் நட்சத்திர ஆமை குசினி மூலையில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் நாட்கணக்கில் அசையாமல் கிடந்தால், அதற்கு என்ன வருத்தம் என்று கேட்கும் முன் அந்தத் தரை எவ்வளவு குளிர் என்று கேட்க வேண்டும்.

நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பங்கு உடலை 37 பாகையில் வைத்திருக்கவே செலவாகிறது. ஆமை அந்தச் செலவைச் செய்வதில்லை. அதே எடையுள்ள பாலூட்டி ஒன்றுக்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டியதில்லை. ஆனால் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். உடல் வெப்பம் 10 பாகை இறங்கினால் செரிமானம், தசை, நரம்பு எல்லாமே பாதி வேகத்துக்கு, சிலவேளை அதற்கும் கீழே விழுந்துவிடும்.

கொழும்பின் சராசரி வெப்பம் 27, 28 பாகை. நட்சத்திர ஆமை சுறுசுறுப்பாக இருப்பது 30 பாகையை ஒட்டி. வித்தியாசம் சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் வானிலை அறிக்கை சொல்வது நிழலில் அளந்த காற்றின் வெப்பத்தை. காட்டு ஆமை காலை வெயிலில் நின்று காற்றைவிடச் சூடாகிக்கொள்ளும். டைல்ஸ் தரையும் ஏசி அறையும் அதற்கு வழிவிடுவதில்லை.

இதைவிட வியப்பானது காய்ச்சல். கிருமி நுழைந்தால் நம் உடல் தானே சூடேறும். ஊர்வன என்ன செய்யும்? 1970களில் அமெரிக்காவில் மைக்கேல் கிளூகரும் உடன் ஆய்வாளர்களும் பாலைவன இகுவானா என்னும் ஓணான்களுக்குப் பக்டீரியாவை ஏற்றிப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் நின்றன. சூடான அறையில் வைக்கப்பட்டவற்றில் பல பிழைத்தன. குளிர்ந்த அறையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன. பிறகு ஆமைகளிலும் இந்தப் பழக்கம் காணப்பட்டது. ஊர்வனவற்றுக்குக் காய்ச்சல் என்பது நடந்து போய் எடுத்துக்கொள்வது. வெயில் விழாத வீட்டில் அடைபட்ட ஆமைக்குக் காய்ச்சல்கூட வராது.

ஆமை இப்படி அசையாமல் கிடக்கும் நேரத்தில்தான் லண்டன் உறவினரின் வாட்ஸ்அப் ஆலோசனை வரும்: “அது குளிர்கால உறக்கம், எழுப்பாதேங்கோ.” அங்கே வளர்க்கப்படும் மத்தியதரைக் கடல் நாட்டு ஆமைகளுக்கு அது பொருந்தும். வட அமெரிக்காவின் வண்ண ஆமை இன்னும் ஒரு படி மேல்: உறைந்த குளத்தின் அடியில், 3 பாகை நீரில், ஒட்சிசனே இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அப்போது உடலில் தேங்கும் லக்டிக் அமிலத்தை அதன் ஓட்டிலிருந்து கரைந்துவரும் காபனேற்று முறிக்கிறது.

நம்முடைய நட்சத்திர ஆமைக்கு இந்த வித்தை தெரியாது, தேவையும் இல்லை. மன்னார், புத்தளம், யால என வறண்ட பிரதேசத்துப் பிராணி அது. வறட்சியில் புதருக்கடியில் ஒடுங்கும். மழை விழுந்ததும் வெளியே வரும். கொழும்பிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. அது ஒடுங்குவதற்கான காரணமே இங்கே இல்லை. ஆகவே ஒரு வாரம் கிடையாய்க் கிடந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் சுவாசப்பை நோயாக இருக்கும். விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் ஆமைக்கு நெஞ்சு விரியாது. கால், வயிற்றுத் தசைகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. நம்மைப்போல இருமிச் சளியைத் தள்ளவும் முடியாது. மூக்கில் குமிழி, நீட்டிய கழுத்து, திறந்த வாய் இருந்தால் தாமதிக்கக் கூடாது. இன்னொரு காரணம் கல்சியக் குறை. யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் விற்றமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் இராது. கல்சியம் இல்லாமல் தசை சுருங்காது. ஓடு மென்மையாவதற்கு முன்பே நடை தளரும்.

இப்படிக் கிடக்கும் ஆமையை முதலில் இளஞ்சூட்டு நீரில், தலை நனையாத ஆழத்தில், இருபது நிமிடம் விடுங்கள். பிறகு நேர் வெயில், ஆனால் ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். நடுப்பகலில் பேசினுக்குள் வைத்து மறந்தால் வெந்து சாகும். உடல் சூடாகும் முன் தீனி திணிக்காதீர்கள், குளிர்ந்த குடலில் அது அழுகும். நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் பூச்சி மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஆமைகளை அது கொல்லும்.

மிருக வைத்தியரிடம் போகப் பலர் தயங்குவதற்குக் காரணம் சட்டம். இலங்கையில் நட்சத்திர ஆமை பாதுகாக்கப்பட்ட விலங்கு. வீட்டில் வைத்திருப்பது குற்றம். உலக அளவிலும் காவல் இறுகிவிட்டது, அந்தக் கதையில் கொச்சிக்கடையும் வருகிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் கூட இருந்தது. ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. மாநாடு ஒத்திவைக்கப்பட்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. இலங்கையும் இந்தியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து முன்வைத்த யோசனை அங்கே நிறைவேறி, நட்சத்திர ஆமை முதலாம் பின்னிணைப்புக்கு ஏறியது. காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகம் அத்தோடு முற்றாகத் தடையானது.

வைத்திருப்பவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைப்பதே நல்லது. பயந்துபோய் இரவில் ஏதாவது தோட்டத்தில் விட்டுவிடுவது அதைக் கொல்வதற்குச் சமம். இந்த ஈர மண் அதன் ஊரல்ல. மீன் தொட்டிக் கடைகளில் விற்கும், காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமைகள் வேறு கதை: அவை அமெரிக்காவிலிருந்து வந்தவை, வாய்க்காலில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.