வேலியோரத்து விஷம்

ஐப்பசி, கார்த்திகையில் மூலனூர், தாராபுரம் பக்கம் போனால், முள்கிளுவைக் குச்சிகளிலும் கம்பிப் பந்தல்களிலும் கண்வலிக்கொடி பூத்துக் குலுங்குவதைப் பார்க்கலாம். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நிற்கும் இந்தச் செங்காந்தள்தான் தமிழ்நாட்டின் மாநில மலர். காலை நேரத்தில் பெண்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பார்கள். காய் முற்றியதும் விதை கிலோ கணக்கில் விலைக்குப் போகும். அதிலிருந்து கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் பிரித்து, கவுட் எனப்படும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து செய்கிறார்கள். இதே செடி யாரும் நடாமல், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்து வேலிகளிலும் கரட்டுப் புதர்களிலும் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. பயிராக வளர்ப்பவருக்கு இதன் குணம் நன்றாகத் தெரியும். வேலியில் பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

இலை முதல் வேர் வரை இந்தச் செடியில் விஷம் இல்லாத பாகமே கிடையாது. கிழங்கிலும் விதையிலும் இன்னும் அதிகம். உடலில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய நுண்குழல்கள் உருவாகும். கால்ச்சிசின் அந்தக் குழல்கள் உருவாவதையே தடுத்துவிடும். அதனால் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் உள்ள இடங்கள்தாம் முதலில் அடிபடும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, காலரா போன்ற பேதி. இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் இதயமும் தடுமாறத் தொடங்கும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து முடி கொட்டும். இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்ற ஒரு பெண்ணுக்கு உடல் முழுதும் முடி உதிர்ந்ததை 1966ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவு செய்திருக்கிறது. இதற்கு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. முதல் நாள் பேதியை 'சாப்பாடு சேரவில்லை' என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்கள், சிகிச்சைக்கு உரிய நேரத்தை இழந்துவிடுகிறார்கள்.

இந்தக் கிழங்கை ஏன் தின்கிறார்கள்? சர்க்கரைவள்ளி என்றோ காட்டு வள்ளி என்றோ நினைத்துத்தான். கொடி பசுமையாக இருக்கும்வரை குழப்பத்துக்கு இடமில்லை. கண்வலிக்கொடியின் இலை நீண்டு ஒடுங்கி, நரம்புகள் இணையாக ஓடி, நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைவள்ளியில் இப்படிச் சுருளும் இலை நுனி கிடையாது. அகன்ற இலையோடு தரையில் படரும், கிழங்கை ஒடித்தால் பால் வரும். கண்வலிக்கிழங்கு கலப்பைபோல் இரண்டு கவையாக வளைந்து, முனைகள் கூராக இருக்கும். ஆனால் தை, மாசி கழிந்தால் கொடி காய்ந்து மறைந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். கோடை உழவில் அது மேலே வந்தால், இலையையோ பூவையோ பார்த்து அடையாளம் காண வழியே இல்லை. அதனால்தான் செடியைப் பார்க்காமல் எடுத்த கிழங்கை, எவ்வளவு பழக்கமான தோற்றமாக இருந்தாலும், அடுப்பில் ஏற்றக் கூடாது என்கிறேன். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. கால்ச்சிசின் கொதிநீரைத் தாங்கும்.

நம்மிடையே உலவும் இன்னும் இரண்டு நம்பிக்கைகளும் உயிருக்கு உலை வைப்பவை. கசந்தால்தான் விஷம் என்பது ஒன்று. காட்டாமணக்கு விதை கிட்டத்தட்ட நிலக்கடலை போல ருசிக்கும்; அதனால்தான் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து தின்றுவிட்டு, கூட்டமாகவே ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். 2000க்குப் பிறகு பயோடீசல் ஆசையில் பரவலாக நட்ட செடி இது. முள்ளில்லாத வழவழப்பான காய்க்குள் கறுப்பு விதைகள் இருக்கும். ஆமணக்கின் காயில் முள் இருக்கும், இலை ஆழமாகப் பிளந்து ஓரத்தில் பற்களோடு இருக்கும். இரண்டின் விதையுமே விஷம்தான். ஆடு கடித்தால் நாமும் தின்னலாம் என்பது மற்றொன்று. விலங்கின் உடல் வேறு, நம் உடல் வேறு. எடுத்துக்காட்டாக, ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற விஷத்தைச் சிதைக்கும் நொதி சில முயல்களின் ரத்தத்தில் உண்டு. நமக்கு இல்லை. முள் நிறைந்த உருண்டைக் காயைக் கிள்ளி விளையாடும் குழந்தைக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் ஊமத்தையைச் சந்தேகிக்க வேண்டும்.

அதே வேலியில் தொங்கும் குன்றிமணி, பார்க்கிற பிள்ளைகளை எல்லாம் கவர்ந்துவிடும். ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். மென்றாலோ துளையிட்டுக் கோத்ததை வாயில் வைத்தாலோ அதிலுள்ள அப்ரின் என்ற விஷம் உடலில் சேரும். மாடுகளைக் கொல்வதற்காகக் குன்றிமணியை அரைத்துக் காயவைத்து ஊசியாக்கி அவற்றின் உடம்பில் குத்திய கொடுமை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நடந்திருக்கிறது.

மாடு என்றதும் சோளத்தையும் சொல்லிவிட வேண்டும். அது விஷச்செடி இல்லை, நம் தீவனப் பயிர். ஆனால் மழையில்லாமல் வாடிய இளம் பயிரிலும், அறுத்த கட்டையில் துளிர்த்த மறுதாம்பிலும் ஹைட்ரஜன் சயனைடு உண்டாக்கும் சத்து மிகுந்திருக்கும். பசித்த மாடு அதில் வாய் வைத்தால், மூச்சு முட்டிக் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். நன்றாகக் காய்ந்த தட்டில் இந்த ஆபத்து பெருமளவு குறைவு. மாடு விழுந்தால் 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவரை உடனே வரவழைக்க வேண்டும். உரிய ஊசி நேரத்தில் போட்டால் காப்பாற்ற முடியும்.

மனிதர் யாராவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், பால் என்று கைவைத்தியமும் வேண்டாம். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுத்து, 108க்குச் சொல்லி, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது தின்ற செடியில் ஒரு கிளையை இலை, பூ, காய் எது இருக்கிறதோ அதோடு ஒடித்து, காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கிழங்காக இருந்தால் மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள். எந்தச் செடி என்று தெரிந்தால், இதயத்தைக் கவனிப்பதா, ரத்த அணுக்களைக் கவனிப்பதா என்று மருத்துவரால் முதல் மணி நேரத்திலேயே முடிவெடுக்க முடியும்.

இப்போதே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வேலியில் என்னென்ன படர்ந்திருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி வாருங்கள். பெயர் தெரியாத செடி இருந்தால் படம் மட்டும் போதாது. பூவோடும் காயோடும் ஒரு கிளை வேண்டும். அதைக் காட்டிப் பெயர் கேட்க இடமும் இருக்கிறது: கோவை லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே, 1955 முதல் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையம் இருக்கிறது. தென்னிந்தியச் செடிகளை உலர்த்தி, பெயரிட்டு, அடுக்கி வைத்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் உள்ளது.