உங்களுக்குத் தெரியுமா? பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும் ‘நிகழ்தகவு’

ஒரு துகள் எங்கே இருக்கிறது, எவ்வளவு உந்தத்தோடு போகிறது என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்தால் அதுதான் கட்டவெளி. குவாண்டம் துகளுக்கு இரண்டையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 1932-இல் யூஜின் விக்னர் அதற்கென ஒரு சார்பை எழுதிக் காட்டினார். அதை எல்லா உந்தங்களுக்கும் கூட்டினால் இருப்பிடத்தின் நிகழ்தகவு சரியாகக் கிடைக்கும். எல்லா இருப்பிடங்களுக்கும் கூட்டினால் உந்தத்தினுடையது. வியப்பு என்னவென்றால், சில இடங்களில் அதன் மதிப்பு எதிர்மறையாகிவிடுகிறது! இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல: 1996-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், பொறியில் அடைத்த ஒற்றை பெரிலியம் அயனியின் அசைவில் இந்த எதிர்மறை மதிப்பை அளந்தே காட்டினார்கள்.

எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கோ மேல், கீழ் என இரண்டே விடைகள். அங்கே தொடர்ச்சியான தளம் எதற்கு? 1987-இல் வில்லியம் வூட்டர்ஸ் அதை நான்கே புள்ளிகளில் அடக்கினார். மூன்று நிலைகள் என்றால் ஒன்பது. இப்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிலைகள் கொண்ட அமைப்புகளில், எதிர்மறை மதிப்பே தலைகாட்டாத குவாண்டம் கணிப்பைச் சாதாரணக் கணினியே திறம்படப் போலச் செய்துவிடும் என்று 2012-இல் நிறுவப்பட்டது. ஆக, அங்கே குவாண்டம் கணினி முந்த வேண்டுமானால் அந்த எதிர்மறை எண்கள் கட்டாயம் வேண்டும்.